கொஞ்சம் உட்கார்ந்தால் ஏன் மனசு உறுத்துகிறது? மொரீஷியஸ் தமிழர்கள் ஓய்வு பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் ஆள் நிர்வாகப் பிரிவில் பல வருடம் இருந்தவள் நான். யார் எப்போது லீவு எடுத்தார்கள், யார் எடுக்கவே இல்லை என்று லீவு அட்டைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. அதனாலோ என்னவோ, கோயில் மண்டபத்திலும், வார இறுதித் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக நிற்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்தக் கேள்விகள் என்னிடம் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை.

ஓய்வெடுத்தால் உறுத்துவது எனக்கு மட்டும்தானா?

இல்லை. என்னிடம் லீவுப் படிவம் நீட்டியவர்களில் பாதிப்பேர் கேட்காமலேயே காரணம் சொன்னார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்குக் கூரை போடுகிறோம், கார்த்திகைக்கு ஊரில் வேலை இருக்கிறது என்று ஏதாவது ஒன்று. "களைப்பாக இருக்கிறது, ஒரு நாள் வீட்டில் இருக்கப் போகிறேன்" என்று சொன்னவர் அபூர்வம். லோக்கல் லீவு என்று நாங்கள் சொல்லும் வருடாந்தர லீவுக்குக் காரணமே எழுத வேண்டாம். ஆனாலும் எழுதுவார்கள்.

நம் ஆட்களிடம் இது ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

1834இலிருந்து இந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும். ஆரம்பகால ஒப்பந்தங்களில் ஆண் கூலிக்கு மாதம் 5 ரூபாய் சம்பளம், கூடவே அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு. இந்தச் சம்பளத்தின் மேல் 'டபுள் கட்' என்ற ஒரு கணக்கு இருந்தது. அனுமதியில்லாமல் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அந்த நாள் கூலி போகும். தண்டனையாக இன்னொரு நாள் கூலியும் சேர்ந்து போகும். மாதத்தில் பதினைந்து நாள் இப்படி நின்றவருக்கு மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் இந்த முறை ஒழிந்தது.

ஒப்பந்தம் முடிந்தவருக்கும் நிம்மதி கிடையாது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் சாலையில் பிடிபட்டால் வேலையற்றுத் திரிகிறவர் என்று காவலில் வைப்பார்கள். மர நிழலில் கொஞ்சம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து 'நீ யார், எந்தத் தோட்டம்?' என்று கேட்பதற்குச் சட்டமே இடம் கொடுத்தது. 1871இல் அடோல்ஃப் டி ப்ளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி ஒருவர், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கூலிகளின் கையொப்பத்தோடு ஆளுநரிடம் மனு கொடுத்தார். அதன் பிறகுதான் லண்டனிலிருந்து அரச விசாரணைக் குழு வந்தது. அந்த மனுவிலும் இந்தச் சீட்டுத் தொல்லைதான் பெரிய புகார்.

இரண்டு மூன்று தலைமுறை இப்படி வாழ்ந்தால், சும்மா உட்கார்ந்திருப்பது ஆபத்து என்பது வீட்டுப் புத்தியாகவே ஆகிவிடும். யாராவது வரும் சத்தம் கேட்டதும் கையில் முறத்தையோ துடைப்பத்தையோ எடுத்துக்கொள்ளும் பாட்டிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லித்தரவில்லை. பழக்கம் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும் தோட்டத்தின் தலையில் போட்டுவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கப்பலே ஏறாத தமிழ்நாட்டு உறவினர்களும் இதே பாடுதான் படுகிறார்கள். ஆனால் மொரீஷியஸில் இதற்குச் சம்பளப் பதிவேடே சாட்சியாக இருக்கிறது. அதனால் அடுத்த முறை மனசு உறுத்தும்போது 'இது என் மனச்சாட்சியா, பழைய தோட்டத்துக் கணக்குப்பிள்ளையா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கணக்குப்பிள்ளைதான்.

புயல் எச்சரிக்கை நாளில் மட்டும் நன்றாகத் தூங்குகிறேன். லீவு நாளில் முடியவில்லை. ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. 'கிளாஸ் மூன்று' எனும் மூன்றாம் எச்சரிக்கை அறிவித்ததும் பஸ் நிற்கும், கடை மூடும், ஆலை மூடும். ஜன்னலை அடைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யாரும் நம்மை எதற்கும் எதிர்பார்ப்பதில்லை. நாமும் நம்மை எதிர்பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் சும்மாதான் இருக்கிறார், முதலாளியும் சும்மாதான் இருக்கிறார்.

லீவு நாளில் அப்படியில்லை. நீங்கள் படுத்திருக்கும்போது உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது. உறுத்துவது ஓய்வு அல்ல, மற்றவர்கள் உழைக்கும்போது நாம் மட்டும் ஒதுங்கியிருக்கிறோம் என்ற நினைப்புதான். இதைப் புரிந்துகொண்டால் ஒரு வழி கிடைக்கும்: வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்கிற ஒரு பொழுதை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் இரண்டு முதல் நான்கு வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்று ஒரு குடும்பம் வைத்திருக்கிறது. அவர்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'கிளாஸ் மூன்று'.

புயலைப் பற்றி இப்படிப் பேசுவது கூரை பறிபோனவர்களுக்குக் கேலியாகத் தெரியும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். அது ஓய்வு நாள் இல்லை.

ஓய்வுக்கும் சோம்பலுக்கும் என்ன வித்தியாசம்? எங்கே கோடு போடுவது?

செய்ய வேண்டியதைச் செய்யாமல் அடுத்தவர் தலையில் போட்டால் சோம்பல். மற்றபடி இந்தக் கேள்வியை உண்மையான சோம்பேறி கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பவர்கள் எல்லோரும் காலை ஐந்து மணிக்கு எழுகிறவர்கள்.

எல்லா வேலையையும் முடித்துவிட்டு நிம்மதியாக ஓய்வெடுக்கலாமே?

முடிந்தால் எடுங்கள். ஆனால் துணி துவைத்து முடிக்கும்போது அடுத்த கூடை நிரம்பியிருக்கும், மெயிலுக்குப் பதில் போட்டால் பதிலுக்கு மெயில் வரும். வீட்டு வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் 'முடிந்தது' என்ற ஒரு நிலை கிடையாது. ஓய்வை வேலையின் கடைசியில் கிடைக்கும் கூலியாக வைத்தால் அந்தக் கூலி வராமலே போகும்.

நம் ஊர்ச் சர்க்கரை ஆலையைப் பாருங்கள். ஜூன் வாக்கில் கரும்பு வெட்டு தொடங்கினால் டிசம்பர் வரை ராப்பகலாக ஓடும். அப்புறம் அடுத்த வெட்டு வரை ஆந்த்ரகூப் என்ற இடைக்காலம். மில்லைக் கழற்றி, உருளைகளைத் தேய்த்து, கொதிகலனைச் சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றுவார்கள். அந்த மாதங்களில் ஒரு கிலோ சர்க்கரை வெளியே வராது. இருந்தும் 'இயந்திரம் சோம்பேறியாகக் கிடக்கிறது' என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. அதைச் செய்யாமல் விட்டால் ஆகஸ்ட் மாதம், வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, இயந்திரம் நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரியும்.

மனிதர்களிடமும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஞாயிறும் விடாமல் வேலை வாங்கினார்கள். தொழிலாளர் உடல்நலத்தை ஆராய அமைத்த குழு கணக்குப் பார்த்தபோது, ஞாயிறு வேலையை நிறுத்தி நேரத்தைக் குறைத்த இடங்களில் உற்பத்தி சரியவில்லை, சில இடங்களில் கூடவும் செய்தது. குண்டு செய்யும் இடத்திலேயே இப்படி என்றால் சட்டைக்குப் பொத்தான் வைக்கும் இடத்தில் ஏன் முடியாது என்று நான் கூட்டங்களில் கேட்டதுண்டு. பதில் வராது, டீ வரும்.

அதிக நேரம் உழைத்தால் உடம்புக்கு உண்மையிலேயே கெடுதலா?

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கு இது: வாரத்தில் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் இப்படி நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 7,45,000 என்று மதிப்பிட்டார்கள். நீரிழிவும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கிற ஒரு தீவில் இந்த எண்களை வேற்று நாட்டுச் செய்தியாகப் படிக்க முடியாது.

சட்டப்படி எனக்கு எவ்வளவு ஓய்வு உண்டு?

2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டத்தின்படி சாதாரண வேலை வாரம் 45 மணி நேரம். வேலை நாளில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், டீக்கு 20 நிமிடம் அல்லது இரண்டு தடவையாகப் பத்துப் பத்து நிமிடம். ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு 22 நாள் வருடாந்தர லீவு, 15 நாள் சிக் லீவு. பொது விடுமுறைகள் தனி. தைப்பூசக் காவடிக்கே அரசு விடுமுறை விடுகிற நாடு இது. சில துறைகளுக்குத் தனி விதிகள் உண்டு, உங்கள் ஒப்பந்தத்தையும் பாருங்கள்.

என் கண்ணில் பட்ட சிக்கல் வேறு. எடுக்காத லீவுக்கு வருடக் கடைசியில் பணம் வாங்கிக்கொள்வது நம் வழக்கம். டிசம்பரில் போனஸோடு அதுவும் சேர்ந்து வரும்போது இனிக்கத்தான் செய்யும். ஆனால் ஐந்தாறு வருடம் தொடர்ந்து லீவை விற்றவர்களின் சிக் லீவு அட்டை எப்படி நிரம்பியது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். விற்பதானால் பாதியை விற்றுக்கொள்ளுங்கள்.

நான் லீவு எடுத்தால் கூட வேலை செய்பவர்களுக்குச் சுமைதானே?

ஆமாம், ஒரு நாள் சுமைதான். அவர்கள் லீவு எடுக்கும் நாளில் நீங்கள் சுமப்பீர்கள். ஒருவர் வராவிட்டால் ஒரு பிரிவே கவிழ்ந்துவிடும் என்றால் ஆள் போதவில்லை என்று அர்த்தம். அது மேலாளர் தீர்க்க வேண்டிய கணக்கு.

ஓவர்டைம் செய்யாவிட்டால் வீடு ஓடாது. ஓய்வு வசதியானவர்கள் பேசுவது இல்லையா?

இதில் நான் வாதாட மாட்டேன். ஒன்றரை மடங்கு கூலி வருகிற ஓவர்டைமை வீட்டுக் கடன் இருப்பவரிடம் 'விட்டுவிடு' என்று சொல்ல எனக்கு வாய் வராது. குறைந்த சம்பளக்காரருக்கு ஓய்வு இல்லாமல் போவது மனப்பழக்கத்தால் அல்ல, சம்பளத்தால். அதைத் தியானமும் மூச்சுப்பயிற்சியும் சரிசெய்யாது.

இரண்டு விஷயம் மட்டும் சொல்வேன். தூக்கத்தைத் தொடாதீர்கள், பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் அளவு. ஓவர்டைமை டி.வி. நேரத்திலிருந்து எடுங்கள், தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். அப்புறம், ஊசி, கத்தி, வண்டி, சூடான இஸ்திரி என்று கையாள்பவர்கள் பன்னிரண்டாவது மணி நேரத்துக்குச் சம்மதிக்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள். விரலில் ஊசி ஏறியவர்களின் படிவங்கள் ஷிப்ட் முடியும் நேரத்தில்தான் என் மேஜைக்கு அதிகம் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிறோமே, அது ஓய்வுதானே?

யாருக்கு என்று கேட்க வேண்டும். பிளிக் அன் பிளாக்கிலோ பெல் மாரிலோ சவுக்கு மர நிழலில் பாய் விரித்து, பிரியாணி அண்டாவைத் திறந்து, ரவான் மேளம் அடித்துப் பாடிவிட்டு வருவது நம் தீவின் நல்ல விஷயங்களில் ஒன்று. ஆனால் அந்த அண்டா தானாக நிரம்பவில்லை. முந்தின இரவு வெங்காயம் உரித்தவர், விடியற்காலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டியவர், மாலையில் மணல் ஒட்டிய துணியையும் எண்ணெய்ப் பாத்திரத்தையும் கழுவியவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். வீட்டில் மற்றவர்கள் 'நல்லா ரெஸ்ட் எடுத்தோம்' என்று சொல்லும்போது அவர் திங்கட்கிழமைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்.

பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான். "நான் படுத்தால் வீடு நின்றுவிடும் அக்கா" என்பார்கள். ஒரு ஞாயிறு நிற்கட்டும், என்ன ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடையில் தோல் பூரி என்கிற பருப்புப் பூரியோ ரொட்டியோ வாங்கி எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள், யாரும் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள். காவடிக்கு ஏழு கறி சமைப்பது வழிபாடு, அதை நான் குறை சொல்லவில்லை. பிக்னிக்குக்கும் ஏழு கறி வேண்டும் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை.

வேலையைப் பிரிப்பதானால் 'உதவி செய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அண்டா கழுவுவது மகன், துணி அப்பா என்று பொறுப்பாகவே கொடுத்துவிடுங்கள். உதவி கேட்டால், யார் எதைச் செய்ய வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை உங்களிடமே இருக்கும். களைப்பில் பாதி அந்த நினைவு வேலைதான்.

பகலில் படுத்தால் மாமியார் முகம் சுளிக்கிறார். என்ன செய்வது?

அந்த அம்மா தன் காலத்தில் விளக்கு வைக்கும் நேரம் வரை உட்காராமல் இருந்திருப்பார். உங்களைப் பார்த்து அவருக்கு வருவது கோபம் மட்டும் இல்லை, கொஞ்சம் ஏக்கமும்தான் என்று நினைக்கிறேன். விவாதம் பண்ணாதீர்கள். "அத்தை, நீங்களும் வந்து கொஞ்சம் சாயுங்கள்" என்று ஒரு தலையணை போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் இது நடந்தது. இப்போது மதியம் அந்த வீட்டுக்கு போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை.

பகல் தூக்கம் இருபது நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. முக்கால் மணி, ஒரு மணி என்று போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ வேண்டியிருக்கும், எழுந்த பிறகும் தலை கனக்கும். மூன்று மணிக்கு மேல் படுத்தால் இரவுத் தூக்கம் கெடும்.

போன் பார்ப்பது ஓய்வு ஆகாதா?

ஒரு படம் பார்த்துச் சிரித்தால் அது ஓய்வுதான். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவும் அதே போனில் இருந்தால் ஆகாது. குழுவுக்கு ஒலியை நிறுத்திவிடுங்கள்.

எபேனில் கால் சென்டர் வேலை. பிரான்ஸ் நேரத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. எப்போது ஓய்வெடுப்பது?

பிரான்ஸ் நமக்கு அவர்களுடைய கோடையில் இரண்டு மணி நேரமும் அவர்களுடைய குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே மாலை ஆறு என்றால் இங்கே எட்டு அல்லது ஒன்பது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் தூக்கம் வராது, ஏனென்றால் காது இன்னும் வேலையில் இருக்கும். வந்ததும் படுக்கப் போகாமல் அரை மணி நேரம் யாரோடும் பேசாத நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் பேசிப் பிழைக்கிறவருக்குப் பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. கணக்கு எழுதுகிறவருக்கு நடப்பது ஓய்வாக இருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் காபி வேண்டாம். குடித்த காபியின் வீரியத்தில் ஏறத்தாழ பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காலை ஒன்பதுக்கு எழுகிற அந்தப் பெண் சோம்பேறி இல்லை. அவள் படுத்ததே ஒரு மணிக்கு.

நீண்ட விடுமுறை எடுத்தும் வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரமே பழையபடி களைப்பு. ஏன்?

எல்லோருக்கும் அப்படித்தான். விடுமுறையின் பலன் சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. டிசம்பருக்காகப் பதினொரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைவிட, மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை லோக்கல் லீவு போடுவது புத்திசாலித்தனம்.

பிள்ளைகளுக்கு லெசோன் (டியூஷன்) நிறுத்தினால் பின்தங்கிவிடுவார்களே?

பள்ளிக்கூடம் முடிந்ததும் டியூஷன், சனிக்கிழமை காலையும் டியூஷன், மதியம் தமிழ் வகுப்பு, ஞாயிறு தேவாரம். ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு நம் ஊரில் 45 மணி நேரச் சட்டம் பொருந்தாது போல. லெசோனை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு பாடத்துக்குப் போதும் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள், எட்டு மணிப் பள்ளிக்குப் பத்து மணி வரை விழிக்க வைக்காதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை இரவில் 9 முதல் 12 மணி நேரமும், பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. பகலில் கற்றதை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தூங்காத பிள்ளைக்கு லெசோன் காசு கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

உறுத்தல் போன பிறகுதான் ஓய்வெடுக்க முடியும் போலிருக்கிறது. அதை எப்படிப் போக்குவது?

அது போகும் வரை காத்திருந்தால் ஓய்வெடுக்கவே மாட்டீர்கள். உறுத்தலோடே படுங்கள். முதல் சில வாரங்கள் படுத்துக்கொண்டே சமையலறையை நினைப்பீர்கள். பரவாயில்லை, முதுகாவது ஓய்வெடுக்கிறது. உலகம் இடிந்து விழவில்லை என்று நாலைந்து முறை கண்ணால் பார்த்த பிறகு மனசு தானாகப் பேச்சைக் குறைக்கும். யாராவது 'என்ன, தூங்கினாயா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். காரணம் சேர்க்காதீர்கள்.

எந்தக் களைப்புக்கு மருத்துவரிடம் போக வேண்டும்?

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கியும் களைப்பு குறையவில்லை என்றால் போங்கள். ரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு, தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு எல்லாமே வெறும் களைப்பாகத்தான் முதலில் தெரியும். பலமாகக் குறட்டை விட்டுவிட்டுப் பகலில் பஸ்ஸிலேயே தூங்கி வழிகிறவர்கள் அந்தக் கடைசிக் கோளாற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எதிலும் ஆசை இல்லை, அழுகை வருகிறது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

வேலையால் வரும் உச்சக்கட்டச் சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தபோது, அதை நோய் என்று சொல்லாமல் வேலையிடம் சார்ந்த நிலை என்றுதான் குறித்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்கிற வேலை உருப்படியாக வராதது என்று மூன்று அடையாளங்கள் அதற்கு. அப்படியானால் மாத்திரையோடு மேலாளரிடமும் பேச வேண்டியிருக்கும்.

அரசு சுகாதார மையங்களில் பார்ப்பதற்குக் காசு இல்லை. 'களைப்பு' என்று மட்டும் சொல்லாமல், எத்தனை வாரமாக, எத்தனை மணி நேரத் தூக்கம், எடை கூடியதா குறைந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.